கம்பியில் ஏறாத கடிதம்

கண் டாக்டர் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு என் கணவர் கேட்டது ஒரே ஒரு காரியம்தான். வேறு யாராக இருந்தாலும் பழனிக்குப் போக வேண்டும், திருப்பதிக்குப் போக வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். இவர் ஓர் எழுத்தாளரின் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார்.

"கண்ணு நல்லாத் தெரிஞ்சப்பவே போயிருக்கோணும். இப்பவாச்சும் ஒருக்கா கூட்டிட்டுப் போ புள்ள," என்றார், என் தோளைப் பிடித்து ஆஸ்பத்திரிப் படியில் இறங்கிக்கொண்டே.

சர்க்கரை வியாதி அவருடைய இடது கண்ணை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது. வலது கண்ணில் வெளிச்சம் தெரியும். ஆள் நிற்பது தெரியும். அது யார் என்பது குரல் கேட்டால்தான் தெரியும். வலது கண்ணுக்கு ஊசி போட்டுப் பார்க்கலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை ஊசி. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம் என்று எங்கள் மகள் நாள் குறித்தாள். அவளுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். கார் ஓட்டப் பழகியதிலிருந்து எங்கே கூப்பிட்டாலும் வருகிற வயது.

எனக்குப் போக விருப்பமில்லை. அலுப்பாக இருக்கிறது என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை. இரண்டு வருடமாகக் காலையில் அவருக்கு இன்சுலின் போட்டு, தட்டில் இட்லி எந்தப் பக்கம் சட்னி எந்தப் பக்கம் என்று சொல்லி, பள்ளிக்கூட ஆபீசுக்கு ஓடி, சாயங்காலம் திரும்பி வந்து அவர் எங்கெங்கே இடித்துக்கொண்டார் என்று பார்த்து மருந்து தடவுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்குத் துணி துவைக்கிற நாள். ஆனால் போக வேண்டாம் என்று நினைத்ததற்கு உண்மையான காரணம் வேறு. அது எங்கள் பீரோவின் அடித்தட்டில், கல்யாணச் சேலைக்குக் கீழே கிடந்தது.

என் கணவர் இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவர். எங்கள் ஆட்டையாம்பட்டியில் பாதிப் பேர் தறி ஓட்டுவார்கள், மீதிப் பேர் முறுக்குச் சுடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். இவர் இரண்டிலும் சேராமல் நாமக்கல் வண்டிகளில் ஏறிக்கொண்டார். செக்போஸ்ட்டில் நிற்கிற நேரம், லோடு ஏறுகிற நேரம், டயர் பஞ்சரான நேரம் எல்லாம் படிப்பார். சீட்டுக்கு அடியில் அந்த எழுத்தாளரின் புத்தகங்கள் கிரீஸ் கைரேகையோடு கிடக்கும். வீட்டுக்கு வந்தால் என்னிடம் பத்து வார்த்தை பேசுவார். அந்தப் புத்தகங்களைப் பற்றிக் கேட்டால் நூறு வார்த்தை பேசுவார். நான் கேட்பதில்லை.

அந்த எழுத்தாளர் தனக்கு வருகிற கடிதம் எல்லாவற்றுக்கும் பதில் போடுவார் என்று ஊருக்கே தெரியும். ஒரு தடவை இவரும் எழுதினார். லாரி டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில், நான்கு தாள், நுணுக்கி நுணுக்கி. கவரில் போட்டுச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, "நாளைக்குத் தபால்ல சேத்திரு புள்ள" என்று என் கையில் கொடுத்துவிட்டு வண்டிக்குப் போனார். ஒட்டினது ஈரம் காயவில்லை. நான் பிரித்துப் படித்தேன்.

எங்களுக்கு முதலில் ஒரு பையன் பிறந்தான். பதினோராம் மாதத்தில் மூளைக் காய்ச்சல் வந்து போய்விட்டான். அப்போது இவர் முட்டை லோடு ஏற்றிக்கொண்டு ஒரிசாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். செல்போன் இல்லாத காலம். என் அண்ணன் எஸ்டிடி பூத்திலிருந்து ஒவ்வொரு லாரி புக்கிங் ஆபீசாகக் கூப்பிட்டு, கடைசியில் ஆந்திராவில் ஓர் இடத்தில் இவரைப் பிடித்துவிட்டான். பையனுக்கு நினைவு தப்பிவிட்டது, உடனே வா என்று சொன்னான். கூட வந்த டிரைவர் காய்ச்சல் என்று முந்தின நாளே வழியில் இறங்கிவிட்டிருந்தார். சித்திரை வெயில். வண்டியை நிறுத்தினால் முட்டை கெட்டுவிடும். இவர் போய் லோடை இறக்கிவிட்டுத்தான் திரும்பினார். வந்து சேர்ந்தபோது குழந்தையைப் புதைத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அதைப் பற்றி இவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. அந்தக் கடிதத்தில் நான்கு தாளும் அதுதான் இருந்தது. கடைசியில் ஒரு கேள்வி: நான் லோடை இறக்கிவிட்டு வந்தது சரியா, தப்பா? எத்தனையோ பேர் மனதை எழுதியிருக்கிறீர்கள், இதற்கு மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் நன்றாக நினைவிருக்கிறது. பெற்றவள் நான் ஒருத்தி அடுப்படியில் நிற்கிறேன். முகம் தெரியாத ஓர் ஆளிடம் போய்க் கேட்கிறார். கடிதத்தைக் கொண்டுபோய் பீரோவில் போட்டேன். நாளைக்கு அனுப்பலாம் என்றுதான் போட்டேன். அந்த நாளை வரவே இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு தடவை வண்டியிலிருந்து இறங்கி வரும்போதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "லெட்டர் ஏதாச்சும் வந்துச்சா?" என்பார். இல்லீங்க என்பேன். இப்படி இரண்டு வருடம். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். அந்த எழுத்தாளர் இறந்துபோன செய்தி வந்த அன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எல்லாத்துக்கும் பதில் போட்ட மனுசன். நம்முளது படிக்கறாப்பல இல்லையாட்ட இருக்குது," என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். நான் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டினேன்.

இப்போது மகள் போனில் அந்த வீட்டைப் பற்றி ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்து அப்பாவிடம் சத்தம் வைத்துக் காட்டினாள். எழுத்தாளருக்கு வந்த வாசகர் கடிதங்கள் எல்லாம் அவர் வைத்தபடியே அவர் அறையில் இருக்கின்றன என்று அதில் ஒருவர் சொன்னார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப என்ற லெட்டரும் இருக்குமில்ல? போய்ச் சேந்துச்சான்னு தெரிஞ்சாப் போதும் சாமி. பதில் வராட்டிப் போவுது. அவரு கைக்குப் போச்சான்னு மட்டும் தெரிஞ்சுக்கோணும்."

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எழுந்து புளிசோறு கிளறினேன். கிளறிவிட்டு பீரோவைத் திறந்து அந்த நான்கு தாளை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்த அறையில் மற்ற கடிதங்களுக்கு நடுவில் அதைச் செருகிவிடுவது, பிறகு நானே கண்டுபிடித்தது போல் அவரைக் கூப்பிடுவது. இதுதான் திட்டம். பள்ளிக்கூட ஆபீசில் வருகைப் பதிவேட்டைக்கூடத் திருத்தத் தெரியாதவள் நான். அன்றைக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்தோ வந்தது.

வீட்டு வேலையை முடித்து ஒன்பதரைக்குக் கிளம்புகிற நேரத்தில் இவர் ஒரு புது வேலை வைத்தார். கை முறுக்கு இரண்டு பாக்கெட் வாங்க வேண்டுமாம்.

"செத்துப்போனவரு ஊட்டுக்கு முறுக்கா?" என்றேன்.

"ஒருத்தரு ஊட்டுக்கு மொத தடவ போறப்ப வெறுங்கைய வீசிக்கிட்டா போவாங்க?"

முறுக்குக் கடை திறக்கும்வரை காத்திருந்ததில் முக்கால் மணி நேரம் போயிற்று. திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டி ஒன்று குறுக்கே நின்று போக்குவரத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அங்கே அரை மணி. கோழிப்பண்ணைகளைத் தாண்டும்போது மகள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்பாவோ மூச்சை இழுத்து, "பரமத்தி ரோட்டுக்கு வந்துட்டமாட்ட இருக்குது," என்றார். வாசனையை வைத்தே ஊர் சொல்வார். எனக்கு முதுகு வலி. மடியில் கைப்பை. ஒவ்வொரு வேகத்தடையிலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஜேடர்பாளையம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்த ஊர். வீட்டைக் கண்டுபிடிக்க மூன்று பேரிடம் கேட்டோம். இரண்டு பேருக்குத் தெரியவில்லை. மூன்றாவது ஆள், "தட்டு ஓடு போட்ட ஊடுங்களா? டேங்குக்குப் பக்கத்துல," என்று கை காட்டினார். போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். ஓர் அம்மா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். எழுத்தாளருடைய தம்பியின் மருமகளாம். வீட்டின் பின்பக்கம் குடியிருந்துகொண்டு இதைப் பார்த்துக்கொள்கிறார்.

"சாப்பாட்டு நேரமுங்க. ரெண்டரைக்கு வாங்க."

மகள் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். அந்த வெயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம் எங்கே போய் உட்காருவது? இவரோ அந்த அம்மாவின் குரல் வந்த திசையில் முறுக்குப் பையை நீட்டினார்.

"ஆட்டையாம்பட்டியில இருந்து வாரமுங்க. ஊட்டுக்குன்னு வாங்கியாந்தது."

அந்த அம்மா பையையும் அவர் கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "மாமா இருந்திருந்தா ஒரு பாக்கெட்டு இன்னிக்கே காலியாயிருக்கும்," என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பினார். முறுக்கைப் பற்றி நான் பேசிய பேச்சை எல்லாம் மனதுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. பெரிய வீடு என்று சொல்ல முடியாது. மூன்று அறை, நடுவில் சின்ன முற்றம். முதல் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய மூக்குக் கண்ணாடி, பேனா, கைக்கடிகாரம். கண்ணாடிப் பெட்டியை வைத்துக்கொண்டு என் கணவர் என்ன செய்வார்? நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பேனா கறுப்பு, மூடி வெடித்திருக்கிறது. கண்ணாடியின் ஒரு பக்கம் நூல் போட்டுக் கட்டியிருக்கிறது. "நூலு என்ன கலருங்கறே?" என்று கேட்டார். வெள்ளை என்றேன். அதற்கே அவருக்குச் சந்தோஷம்.

இரண்டாவது அறைதான் அவர் எழுதிய அறை. ஒரு மேசை, பிரம்பு அறுந்த நாற்காலி, குறுக்கே ஒரு கயிறு, தொடாதீர்கள் என்று ஒரு பலகை. பலகையை நான் இவருக்குப் படித்துக் காட்டவில்லை. இவர் கயிற்றுக்கு மேலே கையை நீட்டி நாற்காலியின் கையைத் தடவினார். ரொம்ப நேரம் தடவினார். அந்த அம்மா பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிட்டார்.

ஜன்னல் ஓரத்தில் கடிதங்கள் இருந்தன. அலமாரியிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. மளிகைக் கடையிலும் லாரி ஆபீசிலும் சீட்டுகளைக் குத்தித் தொங்கவிடுவார்களே, அடியில் வட்டக் கட்டையும் மேலே வளைந்த முனையும் உள்ள கம்பி, அந்த மாதிரிக் கம்பிகள் ஏழெட்டு வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முழ உயரத்துக்குக் கடிதங்கள்.

"கவரெல்லாம் கிழிச்சு வீசிப்போடுவாருங்க. கடுதாசி மட்டும் கம்பியில," என்றார் அந்த அம்மா. "அதுவும் வந்த உடனே குத்த மாட்டாரு. பதில் எழுதித் தபால்ல சேத்துன பொறவுதான் குத்துவாரு. பதில் போடாதது மேசை மேலயே கெடக்கும். அவரு போறப்ப மேசை மேல ஒண்ணுகூட இல்லீங்க."

என் கணவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அப்ப, கம்பியில இருந்தா பதில் போட்டாச்சுன்னு அர்த்தமுங்களா?"

"ஆமாங்க. அதுல மாமா ரொம்பக் கறாரு."

எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல் வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கடிதம் போய்ச் சேர்ந்தது என்று மட்டும்தான் காட்டலாம் என்று வந்தேன். இப்போது எழுத்தாளர் பதிலும் போட்டார், அது தபாலில் தொலைந்துபோயிற்று என்று சொல்லிவிடலாம். தபால்காரன் தலையில் போட்டுவிட்டால் என் பாவம் தீர்ந்தது.

மகள் பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். அந்த அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். நான் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன். கைப்பையின் ஜிப் சத்தம் கேட்டுவிடுமோ என்று ஓர் இருமல் இருமினேன். கடைசிக் கம்பியில் நடுவாகப் பார்த்து, கம்பியில் இடிக்காத அளவுக்கு ஓரமாக அந்த நான்கு தாளைச் செருகினேன். அவசரத்தில் ஒரு தாளின் முனை மடங்கிற்று. சரிசெய்ய நேரமில்லை.

"ஏனுங்க," என்றேன். "இங்க வாங்க. டிரிப் ஷீட்டு மாதிரி ஒண்ணு இருக்குது."

அவர் அசையாமல் நின்றார். "பச்சைக் கோடு போட்டதா?"

"ஆமாங்க. உங்க எழுத்துத்தான். மேல பிள்ளையார் சுழி, அதுக்குக் கீழ வண்டி நம்பரு எழுதியிருக்குது."

அவர் சிரித்தார். கல்யாணமான புதிதில் எப்போதாவது கேட்ட சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. "பாத்தியா புள்ள, பாத்தியா? பதில் போட்டிருக்காரு. எங்கியோ தவறிப்போச்சு. நாந்தான் அந்த மனுசன இத்தன வருசம் தப்பா நெனச்சுப்போட்டேன்," என்றார். நான் அவர் கையைப் பிடித்துக் கயிற்றைத் தாண்டவைத்துக் கம்பியின் மேல் வைத்தேன். அந்த நிமிடம் நான் செய்தது முழுக்கச் சரி என்றுதான் நினைத்தேன்.

அவருடைய விரல்கள் அந்தக் கட்டின் மேல் ஏறி இறங்கின. புக்கிங் ஆபீசில் அவர் சீட்டுத் தேடுவதை நான் பார்த்ததில்லை, இப்படித்தான் தேடியிருப்பார் என்று தோன்றியது. கட்டை விரலால் தாள்களைத் தள்ளித் தள்ளி வந்தார். டிரிப் ஷீட்டின் மொடமொடப்பு தெரிந்த இடத்தில் நின்றார். மெதுவாக இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது.

மேலே இருந்த ஒன்றை இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை. கீழே இருந்ததை இழுத்தார். அதுவும் வரவில்லை. பிறகு கையிலிருந்த தாளின் நடுவில் பெருவிரலை வைத்துத் தடவினார். திருப்பித் தடவினார். நான்கு தாளையும் ஒவ்வொன்றாகத் தடவினார். கடைசியில் மூக்குக்கு அருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கம்பியில் இருந்த ஒவ்வொரு கடிதத்துக்கும் நடுவில் ஓர் ஓட்டை இருந்தது. இதற்கு இல்லை.

அவர் தாள்களைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "போலாம் புள்ள," என்றார்.

அந்த அம்மா திரும்பி வந்ததும் இவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல் கும்பிட்டு, "வாரனுங்க. நல்லா வெச்சிருக்கறீங்க," என்றார். வருகைப் புத்தகத்தில் எழுதச் சொன்னார்கள். மகள் "சூப்பர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஜேடர்பாளையம் தடுப்பணையில் சாப்பிடுவது என்று முதலிலேயே பேசிவைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். குளிக்கிறவர்கள் ஒரு பக்கம், மீன் வறுக்கிறவர்கள் ஒரு பக்கம். ஒரு மர நிழலில் விரிப்பைப் போட்டுப் புளிசோற்றைத் தட்டில் வைத்தேன். மகள் வறுத்த மீன் வாங்கி வருகிறேன் என்று போனாள்.

"இருபத்தெட்டு வருசம் கம்பியில இருந்து சீட்டு உருவுனவன் நானு," என்றார். தட்டைத் தொடவில்லை. "என்னைய ஏமாத்தோணும்னா ஊட்டுலயே ஒரு ஊசியில குத்தியாவது கொண்டாந்திருக்கோணும். தாளெல்லாம் அந்துருண்ட வாசம் அடிக்குது. பீரோவுல வெச்சிருந்தியா?"

"ஆமாங்க."

"போடவே இல்ல."

"இல்லீங்க."

"ஏன்?"

இத்தனை வருடம் நான் இதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். அழகாக, நீளமாக. வாயைத் திறந்தால் வந்தது ஒன்றுதான். "என்றகிட்டக் கேக்கல. அந்தாளுகிட்டக் கேட்டீங்க."

அவர் தண்ணீர்ச் சத்தம் வந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "போஸ்ட்மேன் பெல்லுச் சத்தம் கேட்டா எந்திரிச்சு வாசலுக்குப் போவேன். நீ அடுப்படியில இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தே? கொஞ்சங்கூட மனசு கேக்கலியா உனக்கு?"

நான் அழுதேன். பக்கத்து விரிப்பில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அது தெரியவில்லை. எனக்கும் அதைப் பற்றி அக்கறை இல்லை.

"படிச்சியா?"

"படிச்சனுங்க. நெறையத் தடவ."

"அப்ப நீயே பதிலச் சொல்லு. எனக்கு யாராச்சும் ஒருத்தரு சொல்லோணும்."

மகள் தொன்னையில் மீனோடு வந்து நின்றாள். நாங்கள் இருவரும் புளிசோறு தின்னத் தொடங்கினோம்.

அதன் பிறகு நான்கு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவார். ஊசி போட்டால் கையைக் காட்டுவார். சட்டையைத் துவைக்கக் கேட்டால் பையிலிருந்து அந்தத் தாள்களை எடுத்து அடுத்த சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொடுப்பார். எனக்கும் கோபம் வந்தது. தப்புச் செய்தவளுக்கும் கால் வலிக்கும் என்று ஒருவரும் நினைப்பதில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்விக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். நல்லதாக ஒன்று சொல்லிவிடலாம். நீங்கள் என்ன செய்வீர்கள், வயிற்றுப் பிழைப்பு அப்படி என்று சொல்லிவிடலாம். ஊரில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் முன்பே ஒரு பொய்யைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன், அதை அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டார். இன்னொன்றையும் கொடுக்க எனக்குத் தெம்பு இல்லை.

வியாழக்கிழமை சேலத்தில் கண் ஆஸ்பத்திரி. ஊசிக்கு முன்னால் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, வரிசையாகப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். நான் அவர் பக்கத்தில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"தப்புத்தானுங்க," என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"லோடு அழுகிப்போனாப் போவுதுன்னு வண்டிய நிறுத்திப்போட்டு நீங்க அன்னிக்கே பஸ் ஏறியிருக்கோணும். நான் மூணு நாளு தெருவுல லாரிச் சத்தம் கேக்குறப்பெல்லாம் எந்திரிச்சுப் பாத்தேன். புதைக்கிறப்பவும் பாத்தேன். அத இன்னும் என்னால மன்னிக்க முடியலீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டேன். "அத உங்ககிட்ட அப்பவே சொல்லாம, உங்க லெட்டரையும் அமுக்கி வெச்சு, நீங்க வாசலப் பாக்கறதையும் பாத்துக்கிட்டு இருந்தனே, அது என்ற தப்பு."

மூடின கண்ணிலிருந்து மஞ்சள் மருந்து கன்னத்தில் வழிந்தது. மருந்து மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை. துடைக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

"ம்," என்றார். பிறகு, "அதத்தான் கேட்டேன். எல்லாரும் தப்பில்ல தப்பில்லன்னாங்க. எனக்கு அது ஆகல," என்றார். பெஞ்சின் மேல் அவர் கை தேடியது. நான் என் கையைக் கொடுத்தேன்.

"கடைசியா அழுதானா?" என்று கேட்டார்.

இருபத்து நான்கு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

"இல்லீங்க. தூங்கிக்கிட்டே இருந்தான். சாயங்காலம் ஒருக்கா என்ற விரலப் புடிச்சான். அப்பறம் விட்டுட்டான்."

நர்ஸ் வந்து அவருடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார். நான் எழுந்து அவரை உள்ளே கூட்டிப்போனேன்.

வீடு திரும்பும்போது மணி நான்கு. வலது கண்ணில் கட்டு. அன்றைக்கு அவருக்கு வெளிச்சம்கூட இல்லை. டீ போடப் போனேன். அவர் சுவரைத் தடவிக்கொண்டு அடுப்படிக் கதவுவரை வந்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் எங்கள் வீட்டுக் கம்பி தொங்குகிறது. லாரி ஆபீசில் கேட்டு அவர் வாங்கி வந்து மாட்டியது. கேஸ் சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாம் அதில்தான்.

சட்டைப் பையிலிருந்து நான்கு தாளையும் எடுத்தார். விரலால் நடுவை அளந்து பார்த்தார். இடது கையால் கம்பியின் முனையைப் பிடித்துக்கொண்டு, தாளை அதன் மேல் வைத்து அழுத்தினார். டிரிப் ஷீட் கெட்டித் தாள். ஒரே தடவையில் இறங்கவில்லை. நான் போய் உதவலாமா என்று நினைத்து அப்படியே நின்றேன். இரண்டாவது தடவை அழுத்தியபோது நான்கிலும் குத்திக்கொண்டு இறங்கிற்று. மற்றச் சீட்டுகளோடு சமமாக வரும்வரை அதைக் கீழே தள்ளிவிட்டார்.

"டீயில சக்கரை போட்டராத," என்றார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிச் சீட்டை நான் அதற்கு மேலேதான் குத்தினேன்.